தையல் பிரிக்க யார் வருவது?

(அரியலூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மருத்துவம் பற்றிப் பேச என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று எனக்கே விளங்கவில்லை. நான் கவிதை எழுதுகிறவன். சோத்துக்குப் பெரம்பலூரில் ஒரு வங்கியில் எழுத்தர் வேலை. ஆனால் ஒன்று சொல்லலாம். இந்தப் பக்கத்துச் சனங்களின் உடம்பைப் பற்றி டாக்டருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன்தான். தோட்டைக் கழட்டி வைக்கும்போது "எதுக்கும்மா கடன்?" என்று கேட்போம். விதைக்கு என்பார்கள். காலேஜ் பீசுக்கு என்பார்கள். அடுத்து வருவது "ஆபரேசனுக்கு சார்". கர்ப்பப்பை, குடலிறக்கம், கல்லு, கண்ணு. காப்பீட்டு அட்டை கையில் இருக்கும். ஆனாலும் பஸ் செலவு, கூட இருப்பவருக்குச் சாப்பாடு, ரெண்டு மாசம் கூலி இல்லாத வீடு, இதற்கெல்லாம் எந்த அட்டையும் கிடையாது. அதற்குத்தான் தோடு.

அந்தக் கவுண்டரில் இருக்கும்போதுதான் என் அக்கா மகன் போன் பண்ணினான். எங்கள் தெருவில் முதல் டாக்டர் அவன். அறுவை மருத்துவத்தில் மேற்படிப்பு, இரண்டாம் வருசம்.

"மாமா, ஒரு டீம் ஆப்பிரிக்கா போவுது. ரெண்டு வாரம். நூத்துக்கணக்குல ஆபரேசன் பண்ணுவாங்க. எங்கள மாதிரி பி.ஜி. பசங்களையும் கூட்டிட்டுப் போறாங்க. டிக்கெட் மட்டும் நாம போட்டுக்கணும். போவட்டுமா? லோன் கெடைக்குமா?"

லோன் விசயம் கிடக்கட்டும். 'போவட்டுமா' என்று அவன் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாதமாக யோசித்ததைத்தான் இன்று உங்கள் முன்னால் வைக்கிறேன்.

முதலில் இந்தப் பயணங்கள் என்னவென்று பார்த்துவிடுவோம். 1969-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் லாப் என்ற ஒட்டறுவை மருத்துவர் இன்டர்பிளாஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழை நாடுகளுக்குக் குழுவாகப் போய் உதட்டுப் பிளவு, தீக்காயத் தழும்பு போன்றவற்றைச் சரிசெய்து திரும்புவது. பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்களும் உடன் போனார்கள். 1982-இல் பில் மாகி, காத்லீன் மாகி தம்பதியர் பிலிப்பைன்சு போனார்கள். பிளவுபட்ட உதட்டோடு வரிசையில் நின்ற குழந்தைகளில் நூற்றுக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்தது. அந்த வருத்தத்தில் பிறந்ததுதான் ஆபரேஷன் ஸ்மைல். நம் நாட்டிலிருந்தும் போகிறார்கள். ரோட்டரி அமைப்பின் ராஜேந்திர சாபு முன்னின்று 1998-இல் உகாண்டாவுக்கு ஒரு மருத்துவக் குழுவைக் கொண்டுபோனார். அதன்பின் இந்திய மருத்துவர்களின் அறுவைக் குழுக்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய்வருவது வழக்கமானது.

தேவை பொய்யல்ல. 2015-இல் லான்செட் இதழ் அமைத்த உலக அறுவை மருத்துவ ஆணையம் ஒரு கணக்குச் சொன்னது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை மருத்துவம் எட்டாத மக்கள் உலகில் 500 கோடி. ஆண்டுதோறும் கூடுதலாகத் தேவைப்படும் அறுவைகள் 14 கோடியே 30 லட்சம். அறுவைக்குச் செலவழித்தே நிலைகுலைந்து போகிறவர்கள் ஆண்டுக்கு 3 கோடியே 30 லட்சம் பேர். கடைசி எண்ணிக்கையைப் படித்தபோது எனக்கு என் கவுண்டர்தான் ஞாபகம் வந்தது. அந்தத் தோடுகள் உலகம் முழுக்க அடகில் இருக்கின்றன.

ஆகவே போகிறவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவன் கேட்டதும் எனக்கு வந்தது பெருமைதான். எங்கள் பையன் கடல் தாண்டிப் போய்க் கத்தி பிடிக்கப் போகிறான்! இந்தப் பெருமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

எங்கள் பாட்டனைப் பெற்றவள் பேறு பார்த்தவள். ஊர்த் தெருவில் பிள்ளை வலி எடுத்தால் கொல்லைப்பக்கமாக வந்து கூப்பிடுவார்கள். கொடி அறுத்து, கழிவை அள்ளிப் புதைத்துவிட்டு வந்தால் ஒரு மரக்கால் நெல். பிள்ளை வெளியே வரும்வரை அவள் கை வேண்டும். குளிப்பாட்டி முடித்ததும் அதே கை தீட்டு. மனு நான்காம் அத்தியாயத்தில் யார் யார் வீட்டுச் சோற்றைத் தின்னக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறான். அதில் வைத்தியனும் இருக்கிறான். உடம்பைத் தொடுகிற அறிவு இழிவு, தொடாமல் ஓதுகிற அறிவு உயர்வு. இதுதான் இந்த நாட்டு ஏற்பாடு.

இன்னொரு சங்கதி. திப்புவின் படையிடம் சிக்கி மூக்கு அறுபட்ட கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரனுக்குப் பூனா பக்கத்தில் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்தார்கள். இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் அது படத்தோடு வெளிவந்தது. அதைப் படித்துத்தான் 1814-இல் கார்ப்யூ என்ற மருத்துவர் லண்டனில் அந்த அறுவையைச் செய்தார். மேற்கத்திய ஒட்டறுவை மருத்துவத்தின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். சரி, பூனாவில் மூக்கு வைத்தவர் யார்? செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர் என்கிறது அந்தப் பத்திரிகைக் கடிதம். கவாஸ்ஜியின் பெயர் இருக்கிறது, கார்ப்யூவின் பெயர் இருக்கிறது. கத்தி பிடித்தவரின் பெயர் இல்லை.

இன்றைக்கும் பல ஊர்ப் பிணவறைகளில் மண்டையைத் திறப்பதும் திரும்பத் தைப்பதும் நம் ஆட்கள். பக்கத்தில் நின்று குறிப்பு எழுதுகிறவர் டாக்டர். செத்த உடம்பை வெட்ட நாம் லாயக்கு. உயிருள்ள உடம்பென்றால் மட்டும் 'தகுதி, திறமை' என்று கேட்கிறார்கள். மும்பையில் பாயல் தத்வி என்ற பழங்குடிப் பெண், மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு மாணவி, 2019 மே மாதம் இறந்துபோனார். சீனியர்கள் சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினார்கள், அறுவை அரங்கில் வாய்ப்பு மறுத்தார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். வழக்கானது. இதையெல்லாம் தெரிந்தவனுக்கு, தன் அக்கா மகன் தியேட்டருக்குள் நிற்கிறான் என்றால் நெஞ்சு விம்மாதா?

விம்மியது. பிறகுதான் இன்னொரு நினைவு வந்து குறுக்கே நின்றது. என் அப்பாயியின் கண்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். எந்த அமைப்பு என்று சொல்லப் போவதில்லை. பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு வரிசையாகப் பாய் போட்டிருந்தது. அப்பாயியின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் நம்பர் எழுதியிருந்தார்கள். பெயர் இல்லை, நம்பர். எங்களுக்கு மூணு நாள் பள்ளிக்கூடம் லீவு, அதில் எனக்குக் கொண்டாட்டம். பச்சைத் துணியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தவள் ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தாள். என் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைப் பார்த்துச் சொன்னாள். அதற்கப்புறம் வலி ஆரம்பித்தது. கண் செவந்து நீர் கொட்டியது. அப்பா பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். அங்கே பெஞ்சுகள் பழைய இடத்தில் இருந்தன. வேன் போய்விட்டது. யாரைக் கேட்பது, எந்த ஊருக்குப் போவது, ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நாலு நாள் கழித்துத் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது "முன்னாடியே வந்திருக்கணும்" என்றார்கள். கண்புரை அறுவைக்குப் பின் உள்ளே சீழ் பிடித்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பது எனக்கு இப்போது தெரியும். அன்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

அப்பாயி சாகும்வரை யாரையும் திட்டவில்லை. "புண்ணியவானுங்க அம்மாந்தூரத்துலருந்து வந்து பாத்தாங்க. நம்ம விதி" என்பாள். இந்த வார்த்தைதான் என்னை இன்றுவரை குடைகிறது. இலவசமாகக் கிடைத்ததைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஏழைக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

இது ஒரு கிழவியின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2008 ஜூலையில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் இலவசக் கண் முகாம் நடந்தது. அங்கிருந்து அழைத்து வரப்பட்ட ஏழைகளுக்கு இதே பெரம்பலூரில் அறுவை நடந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் பார்வை இழந்தார்கள். விசாரணை சி.பி.ஐ. வரைக்கும் போயிற்று. 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. இவையெல்லாம் வெளிநாட்டார் செய்ததல்ல, பயிற்சி மாணவர்கள் செய்ததுமல்ல. ஆனால் அடிப்படை ஒன்றுதான். எண்ணிக்கை பெரிதாக இருக்கிறது. நேரம் சிறிதாக இருக்கிறது. அடுத்த வாரம் அங்கே யாரும் இல்லை.

உதட்டுப் பிளவையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரகணம் பிடித்த உதடு என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். உதட்டை மூன்று மாதக் குழந்தைக்கே தைத்துவிடலாம். தைத்ததும் முகம் மாறிவிடும், போட்டோ எடுக்கலாம். ஆனால் பாதிப்பேருக்கும் மேல் உள்ளே அண்ணமும் பிளந்திருக்கும். அதைப் பிறகொரு அறுவையில் தைக்க வேண்டும். தைத்த இடத்தில் சில வாரம் கழித்து ஓட்டை விழலாம். அப்புறம் பேச்சுப் பயிற்சி, பல் சீரமைப்பு என்று பிள்ளை பெரியவனாகும் வரை வேலை இருக்கிறது. உதடு போட்டோவில் தெரியும். 'அம்மா' என்று திருத்தமாகச் சொல்ல வருகிறதா என்பது தெரியாது. அதற்கு அந்த ஊரிலேயே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

இதில் பயிற்சி மாணவர் வரும்போது இன்னொரு கேள்வி சேர்கிறது. கை பழகுவது யார் உடம்பில்?

அமெரிக்காவில் மேரியன் சிம்ஸ் என்றொரு மருத்துவர். நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்லும். 1845 முதல் 1849 வரை மாண்ட்கோமரியில் அடிமைப் பெண்களின் உடம்பில் மயக்க மருந்து இல்லாமல் அறுத்து அறுத்துத் தன் முறையைக் கண்டுபிடித்தார். அனார்கா என்ற பெண்ணுக்கு மட்டும் ஏறக்குறைய 30 முறை. கை பழகிய பிறகு அவர் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு வைத்தியம் செய்யப் போனார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவருடைய சிலையை 2018-இல்தான் அகற்றினார்கள். அனார்கா, லூசி, பெட்சி மூவருக்கும் மாண்ட்கோமரியில் 2021-இல் சிற்பம் எழுந்தது. உடம்பைக் கொடுத்தவர்களுக்குப் பெயர் கிடைக்க நூற்றெழுபது வருசம்.

இன்றைய தொண்டர்களைச் சிம்ஸோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். எல்லாக் கையும் ஒருநாள் முதல் அறுவை செய்த கைதான். ஜி.எச்.சில் நம் சனங்களின் உடம்பில்தான் நாட்டின் டாக்டர்கள் எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். பக்கத்தில் ஆசிரியர் நின்றால், நோயாளிக்குச் சொல்லிச் செய்தால், நாளைக்கும் அதே வார்டில் பார்க்க வந்தால், அது கல்வி. என் சந்தேகம் வேறு. தன் நாட்டில் சீனியர் இல்லாமல் தொட அனுமதிக்காத அறுவையை வேற்று நாட்டு ஏழையிடம் தனியாகச் செய்து பார்க்கும் ஆசை எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்பதுதான். இங்கே ஒரு வேடிக்கையையும் பாருங்கள். இட ஒதுக்கீட்டில் வந்த டாக்டர் கத்தி பிடித்தால் உயிர் போய்விடும் என்று நூறு வாய் பேசும். படிப்பை முடிக்காத ஒருவர் ஏழை நாட்டில் போய் அறுத்தால் அதே வாய்கள் 'சேவை' என்கின்றன. அறுபடுகிற உடம்பு யாருடையது என்பதைப் பொறுத்துத் தகுதியின் அளவுகோல் நீண்டு சுருங்குகிறது.

வேறு மாதிரி போனவர்களும் உண்டு. பால் பிராண்ட் 1946-இல் லண்டனில் படிப்பு முடித்த இளம் மருத்துவராக வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளைத் தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்தினார். கிட்டத்தட்ட இருபது வருசம் இங்கேயே இருந்தார். கை நிமிர்ந்தால் போதாது, அந்தக் கைக்குத் தொழில் வேண்டும் என்று பட்டறை போட்டுக் கொடுத்தார். உள்ளூர் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனார். அறுத்துவிட்ட கைகளின் அடுத்த வருசத்தையும் பார்த்ததால்தான், உணர்ச்சி இல்லாத இடத்தில் காயம் பட்டுப்பட்டே விரல்கள் அழிகின்றன என்ற உண்மை அவருக்குப் பிடிபட்டது. இரண்டு வாரத்தில் திரும்பியிருந்தால் அது தெரிந்திருக்காது.

1999-இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் அமைப்பு விமானத்தில் ஆள் அனுப்புவதைவிட உள்ளூர் மருத்துவருக்குப் பணமும் பயிற்சியும் கொடுப்பது மேல் என்று அந்த வழியில் போனது. அதே 1999-இல் கியூபா ஹவானாவில் ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தது. ஏழை நாட்டுப் பிள்ளைகளை அழைத்து இலவசமாக டாக்டராக்கி, உன் ஊருக்கே திரும்பிப் போ என்று அனுப்பியது. எனக்கு மிகப் பிடித்த 'வெளிநாட்டு மருத்துவப் பயணம்' இந்தப் பிள்ளைகளுடையதுதான்.

நம் ஊருக்கு வருவோம். மேற்படிப்பு மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. அந்த மூன்று மாதத்தைப் பற்றி அக்கா மகன் என்னிடம் எப்படிச் சொன்னான் தெரியுமா? "போஸ்டிங் போட்டுட்டாங்க மாமா, தொல்லை." அவன் கூட்டாளிகளும் அப்படியே. பக்கத்து மாவட்டத்துக்கு மூன்று மாதம் போனால் அது 'போஸ்டிங்'. ஏழு கடல் தாண்டி இரண்டு வாரம் போனால் அது 'மிஷன்'. ஜெயங்கொண்டத்திலும் செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் இருக்கும் குடலிறக்கம் குடலிறக்கம் இல்லையா? சிமெண்ட் ஆலைத் தூசியில் இருமுகிற சுண்ணாம்புக்கல் குவாரித் தொழிலாளி உலக வரைபடத்தில் இல்லையா?

செந்துறை என்றதும் உங்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தான் தோன்றும். குழுமூர் அனிதா. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. 'நீட்' குறுக்கே வந்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தாள். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி அவளை இழந்தோம். அந்த ஆண்டு சேர்ந்திருந்தால் 2023 வாக்கில் பயிற்சி மருத்துவம் முடித்து டாக்டராக வெளியே வந்திருப்பாள். அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கத்துக்கு அவள் பெயர் வைத்தார்கள். நல்லது. சுவரில் அவள் பெயர் இருக்கிறது. மேசையில் அவள் கை இல்லை. 'எங்கள் ஊரில் மருத்துவர் இல்லை' என்பது பஞ்சம் போல மழை பொய்த்து வந்ததல்ல. வர இருந்தவர்களைத் தடுத்த பிறகு ஏற்பட்ட இல்லாமை அது. தடுத்துவிட்டு முகாம் போடுகிறார்கள். முகாமுக்கு நாம் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டும்.

அக்கா மகனுக்கு நான் கடைசியாகச் சொன்னதைச் சொல்லி முடிக்கிறேன்.

"போடா. போக வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நாலு விசயம் கேட்டுட்டுப் போ. அங்க உன்கூட நிக்கிற சீனியர் யாரு? இங்க நீ தனியா தொடாத எதையும் அங்க தொடாத. நீ யாருன்னு, இன்னும் படிக்கிற பையன்னு, அவங்க பாசையில அவங்களுக்குச் சொல்வாங்களா? அந்த ஊரு டாக்டர் ஒருத்தராவது தியேட்டருக்குள்ள இருப்பாரா, இல்ல நீங்களே வெட்டி நீங்களே ஒட்டிட்டு வந்துருவீங்களா? நீ பிளேன் ஏறின அடுத்த வாரம் தையல் பிரிக்க யாரு வருவா? இதுக்கெல்லாம் பதில் இருந்தா லோன் நானே போட்டுத் தர்றேன். இல்லன்னா உன் அப்பாயிக் கெழவி கண்ணை நெனச்சுக்க."

இந்தக் கேள்விகள் அவனுக்கு மட்டுமல்ல, தோழர்களே. நம் சேரிக்குள் அடுத்த முகாம் வேன் வரும்போது நீங்களும் கேளுங்கள். அறுவை எங்கே நடக்கும்? செய்கிறவர் பெயர் என்ன? வலித்தால் எந்த நம்பருக்குப் போன் பண்ணுவது? அதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுப்பார்களா? எந்தத் தேதியில் திரும்ப வந்து பார்ப்பார்கள்? படிப்பகத்துப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் போட்டு, அறுவைக்குப் போன ஒவ்வொருவரையும் பத்து நாள் தினமும் போய்ப் பார்த்து எழுதினால் போதும். இதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் அப்பாயி கடைசிவரை என் பொத்தானைச் சரிபார்த்திருப்பாள்.

அவன் இன்னும் முடிவு சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்திருந்தான். அறுவடை மிசினில் காலைக் கிழித்துக்கொண்டு தையல் போட்டிருந்த பெரியவர் ஒருவர் திண்ணையில் காலை நீட்டினார். "டாக்டர் தம்பி, இதப் பிரிக்க மறுபடியும் பஸ் ஏறணுமா?" என்றார். அவன் பையைத் திறந்தான், கையைக் கழுவினான், குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஏழு தையல். தெருவே நின்று பார்த்தது. பெரியவர் காசு எடுத்தார். வேண்டாம் என்றான். "அப்ப அடுத்த வாரமும் வந்து பாரு" என்றார் அவர்.

அவர் கேட்டது சரியான கூலி என்று எனக்குப் பட்டது.